கழற்றாத காப்பு

கமீலா இறந்து அவளுடைய மையித்தைக் குளிப்பாட்டிய அன்று தலைமுடியைத் தாங்கிப் பிடித்திருந்தவள் தங்கை சரீபாதான். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. மருத்துவிச்சி ஹவ்வா உம்மா தண்ணீர் வார்க்க வார்க்க அது நனைந்து கனத்து, கைக்குள் உயிருள்ளதுபோல் வழுக்கியது. கடைசித் தண்ணீரில் கர்ப்பூரம் கரைத்திருந்தார்கள். பிறகு முடியை மூன்று பின்னலாகப் பின்னித் தலைக்குப் பின்னால் போட்டார்கள். குனிந்திருந்த சரீபாவின் தலையிலும் அந்தத் தண்ணீர் தெறித்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

பத்தாம் நாள் அவளுக்குத் தலை கடிக்கத் தொடங்கியது. முதலில் பிடரியில், பிறகு காதுகளுக்கு மேலே, பிறகு உச்சி முழுவதும். சொறிந்தால் தோல் சிவந்து எரிந்தது. சீப்பை வைத்து இழுத்தால் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்து, கறுப்புத் தாவணியில் கர்ப்பூரத் தூள் சிந்தியதுபோல் கிடந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், வெந்தயம் அரைத்துப் பூசினார்கள், தேங்காய்ப்பாலில் முழுக வார்த்தார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை.

மருதமுனையில் ஒரு வீட்டில் பூனை தும்மினால் மூன்றாம் ஒழுங்கையில் கசாயம் காய்ச்சுவார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? 'மையித்துத் தண்ணி பட்ட தலை. செத்த ராத்தாக்காரி பிடிச்ச பிடியை விடமாட்டாள்' என்று பெண்கள் வேலியோரம் நின்று கதைத்தார்கள். பொடுகு என்று ஒரு சொல் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. கதைத்தவர்களில் பாதிப்பேருக்குத் தலையில் அதே பொடுகு இருந்தது என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.

அந்தப் பேச்சுக்கு ஒரு காரணமும் இருந்தது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். மனைவி மௌத்தாகிவிட்டால் அவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போகவேண்டும், இல்லையென்றால் மனைவியின் தங்கையை மணமுடிக்கவேண்டும். கமீலா ஒரு பெண்குழந்தையைப் பெற்றுப்போட்டுக் கண்ணை மூடியவள். குழந்தை றம்லாவுக்கு மாற்றாந்தாய் வரக்கூடாது என்று தாய் ஆயிஷா உம்மா அழுதழுது ஒரு முடிவுக்கு வந்தாள். கமீலாவின் கைகளில் கிடந்த வெள்ளிக் காப்புச் சோடியில் ஒன்றைச் சரீபாவின் கையில் போட்டாள். மற்றதை மருமகன் மசூரிடம் கொடுத்து, நிக்காஹ் அன்று அவர் கையாலேயே போடட்டும் என்றாள். அதுவரை அந்த ஒற்றைக் காப்பைக் கழற்றக்கூடாது. கழற்றினால் வாக்குக் கழன்றதாகிவிடும் என்பது அவளுடைய கணக்கு.

சரீபா வேண்டாமென்று சொல்லவில்லை. மசூர் மெல்லிய குரல்காரன். சாறன் துணி வியாபாரம் செய்பவன், யாரோடும் கோபித்ததாகக் கேள்வியில்லை. கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை மச்சானின் முகத்தை நேரே பார்ப்பது வழக்கமில்லையாதலால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரைக்கு அப்பாலிருந்து வரும் அவனுடைய குரலும், திரைக்குக் கீழே தெரியும் இரண்டு பாதங்களும்தான். குழந்தையோ அவள் மடியை விட்டால் தூங்காது. ஆனாலும் ராத்தா கமீலாவின் சீப்பால் தலைவாரும்போதெல்லாம், 'நான் கேட்டு வாங்கல்ல ராத்தா' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். சொன்னவுடன் தலை இன்னும் கடிக்கும்.

ஒருநாள் சொறிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. மசூர்தான் கல்முனை ஆசுபத்திரிக்குச் சைக்கிளில் போய்ச் சங்கதியைச் சொல்லி மருந்து வாங்கிவந்தான். பெண்களின் வருத்தத்தை ஆண்கள் சுமந்துபோய் மருந்தைச் சுமந்துவருவதுதான் அங்கே ஒழுங்கு. கொழும்பிலிருந்து புதிதாக வந்ததாம், கண்ணாடிப் போத்தலில் செம்மஞ்சள் கூழ். திரைக்கு அப்பால் நின்று விளக்கமும் சொன்னான். போத்தலை நன்றாகக் குலுக்கவேண்டும். தலையை நனைத்துவிட்டுப் பூசவேண்டும். கண்ணில் படக்கூடாது. ஐந்து நிமிடம் ஊறவிட்டு நிறையத் தண்ணீரில் அலசவேண்டும். கிழமைக்கு இரண்டு தரம். தலைத்தோலில் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கிறதாம், மருந்து அதைக் கொல்லுமாம். பழைய அப்பத்தில் பிடிக்கிற பூஞ்சணத்தை நினைத்துச் சரீபாவுக்கு அருவருத்தது.

முதல் தரம் முழுகியபோது காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கிணற்றடியில் தென்னங்கிடுகு மறைப்புக்குள் குந்தியிருந்தாள். கந்தகம் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. நுரை இறங்காமல் கண்களை இறுக மூடிக்கொண்டு, உம்மா சொல்லித்தந்தபடி முந்நூறு வரை எண்ணத் தொடங்கினாள். நூறு தாண்டியபோது விரல்கள் அவள் தலைக்குள் இறங்கின. பிடரியில், அதிகம் கடிக்கும் அந்த இடத்தில், நகம் படாமல் விரல்நுனியால் வட்டமாகத் தேய்த்தன. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சுகம். எண்ணி முடித்துத் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத் தேய்ச்சீங்க உம்மா" என்றாள்.

ஆயிஷா உம்மாவின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. "நான் எங்க புள்ள தேய்ச்ச? புள்ளைக்குப் பால் கரைச்சிட்டெல்லா நிக்கிறன்."

சரீபா மறைப்பைச் சுற்றிப் பார்த்தாள். ஈர மணலில் அவளுடைய காலடிகள் மட்டும் இருந்தன. சின்ன வயதில் கமீலா அவளுக்கு முழுக வார்ப்பது அப்படித்தான், வட்ட வட்டமாக, நகம் படாமல். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயந்தாள். பயத்தோடு பயமாக அந்த விரல்கள் மறுபடி வரவேண்டுமென்றும் ஆசைப்பட்டாள், அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

இரண்டாம் தரமும் வந்தன. மூன்றாம் தரமும் வந்தன. தலை என்னவோ ஆறிக்கொண்டுதான் வந்தது. செதில் குறைந்தது, எரிவு அடங்கியது. ஆனால் மூன்றாம் முழுக்கு முடிந்து தலைதுவட்டக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் கிடந்த வெள்ளிக் காப்பு கறுத்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, அடுப்புச் சட்டியின் அடிபோலக் கறுத்திருந்தது.

ஹவ்வா உம்மா வந்து காப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை இழுத்துக்கொண்டாள். கமீலாதான் தலையை விட்டு இறங்கிக் கையைப் பிடித்திருக்கிறாள், இந்தக் கல்யாணம் அவளுக்கு விருப்பமில்லை, நிறுத்திப்போடுங்கள் என்றாள். அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுவதும் காப்புக் கறுத்துவிட்டது. ஆயிஷா உம்மா விரல்மடக்கி எண்ணிப் பார்த்தாள். நிக்காஹுக்கு எட்டே நாள். கல்யாணம் நின்றால் மசூர் வேறிடத்தில் முடிப்பான், பிள்ளை யார் கையிலோ வளரும். மருந்தில்தான் ஏதோ கோளாறு என்று யாராவது சொன்னால் போதும் அவளுக்கு. மசூர் சாறன் கட்டோடு மட்டக்களப்புக்குப் போயிருந்தான், வர மூன்று நாளாகும். அதனால்தான் அந்த வீட்டில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. திரை கட்டிய மாட்டுவண்டிலில் தாயும் மகளும் தாங்களே ஆசுபத்திரிக்குப் போனார்கள்.

மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வேலப்போடி நரைத்த மீசைக்காரர். முக்காட்டுக்குள்ளிருந்து நீட்டப்பட்ட கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அந்த மருந்து வெள்ளியில் பட்டால் கறுக்கும், பேயுமில்லை பிசாசுமில்லை, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார்.

"வெள்ளி நகையெல்லாம் கழட்டிப்போட்டுத்தான் முழுகணும் எண்டு அந்தத் தம்பிக்கிட்ட ரெண்டுதரம் சொன்னனே. அவர் சொல்லல்லயா?"

ஆயிஷா உம்மா அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். பாரம் இறங்கிய மனுஷிக்குக் கண்ணீரும் வரும், கதையும் வரும். மூத்தவள் பிள்ளைப்பேற்றில் போனாள் ஐயா, வலியோடு கிடந்தவளை ஏற்றிவர ஆசுபத்திரிக் கார் இல்லாமல் போயிற்று, அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டதாம், மருமகன் வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார் என்று சொல்லி அழுதாள்.

அப்போதிக்கரி எந்த நாள் என்று கேட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்றாள். அவர் மீசையைத் தடவினார்.

"அண்டைக்குக் கார் எங்கேயும் போகல்ல உம்மா. பெரிய டாக்குத்தர் பார்வையிட வாறார் எண்டு கழுவித் துடைச்சு, காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் அந்த வேப்பமரத்தடியிலதான் நிண்டது. நானும் வாசலிலதான் இருந்தன். ஒருத்தரும் வந்து கேக்கல்ல."

சரீபா முக்காட்டுக்குள்ளிருந்து வேப்பமரத்தைப் பார்த்தாள். கார் இப்போதும் அங்கேதான் நின்றது.

வண்டில் திரும்பித் தாழவட்டுவான் சந்தியைத் தாண்டியது. பிறகு ஆயிஷா உம்மா மகளின் கையைப் பிடித்து, அந்த ஆளுக்கு நாள் மாறியிருக்கும், இதை இதோடு விட்டுவிடு, போனவள் போய்விட்டாள், இருக்கிற பிள்ளைக்கு ஒரு வாப்பா வேண்டும் என்றாள். அவள் பிடித்திருந்தது காப்புக் கிடந்த கையை. கமீலா மௌத்தான அன்று பகல் முழுவதும் கேட்டுக்கொண்டே கிடந்தது சரீபாவின் காதில் ஒலித்தது. 'கார் வருதா? சத்தம் கேக்குதா, பாருடி.' மதிய ளுஹரிலிருந்து அந்தி மஃரிப் வரை அவள் அதையேதான் கேட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மசூர் வந்தான். ஒழுங்கையிலேயே காப்புக் கதை அவன் காதில் விழுந்திருந்தது. திரைக்கு அப்பால் பாதங்கள் வந்து நின்றன. ஆயிஷா உம்மா அவசர அவசரமாக ஆசுபத்திரிக்குப் போய்வந்ததைச் சொன்னாள், மருந்தின் குணம் மட்டும்தான் சொன்னாள். மசூர் பெரிதாக மூச்சுவிட்டான். அவன் சிரித்தது கேட்டது.

"ஓம் மாமி, அவர் சொன்னவர்தான். வெள்ளியைக் கழட்டச் சொன்னவர். நான் சொல்ல மறந்திட்டன்."

ஆயிஷா உம்மா மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. குழந்தை சரீபாவின் மடியில் விரல் சூப்பிக்கொண்டு கிடந்தது. தலை ஒரு பொட்டும் கடிக்கவில்லை, ஆனால் பிடரியில் அந்த இடம் மட்டும் குளிர்ந்தது. கேட்காவிட்டால் இன்னும் சில நாளில் இந்தக் குரலோடு ஒரே பாயில். கேட்டால் குழந்தைக்கு வாப்பா இல்லை.

"மச்சான், அண்டைக்கும் மறந்துதான் போனீங்களா?"

அவள் அவனோடு நேரே கதைத்த முதல் கதை அது. எந்த நாள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவள் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். திரைக்குக் கீழே பாதங்களின் விரல்கள் மண் தரையைப் பற்றிக்கொண்டன. வெளியே யாரோ தறி நெய்யும் சத்தம் ஓடிக்கொண்டேயிருந்தது.

"ஆசுபத்திரிக் கேற்று வரைக்கும் போனன்" என்றான் கடைசியில். "உள்ளுக்கு ஆம்புள டாக்குத்தர். அவளை அந்த ஆள் பாப்பான் எண்டு நினைக்க எனக்கு ஏலாமப் போயிட்டு. கடக்கரையில கொஞ்சம் இருந்திட்டு, மறுகா வந்து கார் இல்ல எண்டு சொன்னன். தானாப் பெத்திருவாள் எண்டு நினைச்சன்."

ஆயிஷா உம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம்போட்டு அழக்கூட அவளுக்கு வரவில்லை. மசூர் அறைக்குள் போய்த் தன் பெட்டியைத் திறப்பது கேட்டது. அதன் சாவி எப்போதும் அவனுடைய அரைஞாணில்தான். ஏதோ உலோகம் பலகையில் விழுந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவந்தவன் குனிந்து, திரைக்குக் கீழால் ஒன்றை உள்ளே தள்ளினான். சலாம் சொல்லாமலே வாசலைத் தாண்டிப் போய்விட்டான். மச்சானைப் பற்றி அவளுக்குத் தெரிந்த குரல், பாதம் என்ற இரண்டில் கடைசியாகப் போனவை அந்தப் பாதங்கள்.

தரையில் கிடந்தது சோடியின் மற்றக் காப்பு. வெள்ளைத் துணியில் சுற்றிப் பூட்டிவைத்திருந்தது, மருந்துத் துளி படாதது. அதுவும் கறுத்திருந்தது. கடற்காற்றுக்கு வெள்ளி கறுக்கும் என்று பிறகு பலரும் சொன்னார்கள். சரீபாவும் ஓம் என்றாள்.

நிக்காஹ் நின்றது. மசூருக்கு ஊரில் வேறு பெண் கிடைக்க ஒரு வருடம்கூட எடுக்கவில்லை, ஆண்களுக்கு அது ஒரு குறையா? குழந்தையை அவன் கேட்டுவரவில்லை. அவள் சரீபாவை உம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

போத்தலில் ஒரு முழுக்குக்கு மருந்து மிஞ்சியிருந்தது. நிக்காஹ் நின்ற பிறகு வந்த திங்கட்கிழமை காலை சரீபா கையிலிருந்த காப்பைக் கழற்றி, மற்றக் காப்போடு சேர்த்துக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். போத்தலைக் குலுக்கிப் பூசினாள். கண்களை மூடிக்கொண்டு எண்ணினாள். நூறு தாண்டியது. இருநூறு தாண்டியது. முந்நூறு வந்தபிறகும் அவள் நிறுத்தவில்லை. நுரை காதோரம் வழிந்து காயத் தொடங்கும்வரை குந்தியிருந்து எண்ணிக்கொண்டேயிருந்தாள். யாரும் அவள் தலையைத் தொடவில்லை.