சிங்கே மாப்பிள்ளை

கோகிலனுக்குக் கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே வாரம். மாப்பிள்ளைச் சட்டை தைத்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. முன்பல் இரண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

பதினோரு வருடமாகச் சிங்கே கொடி தூக்குகிற வாய் அது. முப்பது அடி மூங்கிலில் நீளமான கொடியைக் கட்டி, கையால் பிடிக்காமல் நெற்றியிலும் தோளிலும் பல்லிலும் நிறுத்துகிற விளையாட்டு. சீனர்கள் கொண்டுவந்தது, இன்று பினாங்கில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் கழுத்தைக் கொடுக்கிறார்கள்.

அவனுக்கு நிச்சயித்த பிரமிளா, பாகான் டாலாமில் பல் டாக்டரிடம் வேலை செய்பவள். அவன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நெத்தி, தோளு, என்னமோ பண்ணுங்க. பல்லு மட்டும் வேணாம்லா. கல்யாணம் முடியட்டும்," என்றாள். அவனும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பல் ஆடுகிறவனை எந்தத் தலைவன் முன்னால் நிறுத்துவான்?

ஞாயிறு மாலை, பாடாங் கோத்தா திடலில் இறுதிப்போட்டி. கடற்காற்று வேறு. எதிர்க்குழு பல்லில் எட்டு எண்ணும்வரை நிறுத்திக் காட்டிவிட்டுப் போயிருந்தது. மேளம் அதிர, கோகிலன் நெற்றியில் கொடி ஆடாமல் நின்றது. அந்த அழகுக்கே கோப்பையைக் கொடுத்திருக்கலாம். நடுவர்களுக்கு அழகெல்லாம் போதுமா?

"கீகி, கோகி! கீகி!" குழுத் தலைவன் இக்மல் மலாயில் கத்தினான். பல்லுக்கு மாற்றச் சொல்கிறான். பதினோரு வருடமும் இரண்டாமிடம்தான். கோகிலன் கூட்டத்தில் பிரமிளாவைத் தேடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

தலையை ஒரு வெட்டு வெட்டினான். கொடி எகிறி வந்து பல்லில் உட்கார்ந்தது. கண்ணில் பொறி பறந்தது. ஒன்று, இரண்டு என்று திடலே எண்ணியது. ஐந்தில் வாய்க்குள் ஏதோ முறிந்தது. எட்டு. ஒன்பது. பத்தில்தான் விட்டான். நாலு பேர் பாய்ந்து மூங்கிலைப் பிடித்தார்கள்.

ஜெயித்தாயிற்று! தோளில் தூக்கிச் சுற்றி இறக்கி, கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். படம் எடுத்தவர், "சிரிங்க தம்பி!" என்று கெஞ்சினார். அவன் உதட்டைப் பிரிக்கவே இல்லை.

"ஜெயிச்சதும் திமிர பாரு," என்றது ஒரு குரல்.

பிரமிளா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "வாயத் தொறங்க."

தலையாட்டினான்.

"தொறங்கன்னேன்!"

கோப்பைக்கு மேல் குனிந்து திறந்தான். இரண்டு பல், இரத்தத்தோடு, ணங்கென்று உள்ளே விழுந்தன.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை அவன் வாயில் அழுத்தினாள். "இதே வாயோடதான் கல்யாண போட்டோ. மூடிக்கிட்டு நின்னீங்க, தாலிக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்."

கைக்குட்டையை விலக்கி அவன் சிரித்தான். ஓட்டைவாய்ச் சிரிப்பு. திடலே எழுந்து கைதட்டியது. அப்படியொரு சந்தோஷம் அவனுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அடுத்த வருடம் என்ன செய்வாய் என்று இக்மல் கேட்டான்.

"இன்னும் முப்பது இருக்குலா!" என்றான் கோகிலன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிரமிளா சிரிக்கவில்லை. கோப்பைக்குள் கைவிட்டு அந்த இரண்டு பல்லையும் எடுத்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள்.

"கோப்பைய நீங்க வச்சுக்குங்க," என்றாள். "இது என்னுது."