பயக் கடை

ஊருக்கே அண்ணியானவளின் தையல் கடையில் காஜா எடுத்துப் பித்தான் தைக்கிறவளுக்கு ‘ஊசி’ என்று பெயர் வைத்ததே அண்ணிதான். ஆள் ஒல்லி என்பதால் மட்டுமல்ல, வளையவே மாட்டாள். பித்தான் ஒரு நூல் தள்ளிப்போனாலும் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை.

எதையும் வாய் திறந்து கேட்டறியாத அவள், முதன்முதலாக ஒன்று கேட்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் எழுத்துச் சொல்லித்தருகிறேன், காசு வேண்டாம், நூலகத்தில் இடம் மட்டும் போதும் என்று. நூலகத்து அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரு வகுப்பு நடத்திக் காட்டு. பிள்ளைங்க உட்கார்ந்தா இடம் உனக்கு. ஓடிப்போனா கேரம் ஆடறவங்களுக்குக் குடுத்துடுவேன்."

ஊசி ஒட்டுத்துணியில் மாம்பழமும் வாழைப்பழமும் தைத்துப் பஞ்சு அடைத்தாள். பாடம் ‘ழ’. விளையாட்டு, பழக்கடை. யார் எங்கே உட்காருவது, என்ன கேட்பது, எல்லாம் அளவெடுத்து வெட்டியாயிற்று.

"சின்னப் பிள்ளைங்க சட்டைக்கு, வளர்ந்தா பிரிச்சுவிட, உள்ளே துணி மடிச்சு விடுவோமே, பாடத்துல விட்டிருக்கியாடி?" என்றாள் அண்ணி. ஊசிக்குப் புரியவில்லை.

வகுப்பு அன்று வாலு என்ற பொடியனைக் கடைக்காரனாக உட்கார வைத்தாள்.

"பயம் வாங்கலையோ பயம்!" என்று கூவினான்.

"பழம்."

"அதைத்தானே சொல்றேன். பயம்!"

"நாக்கை மடிச்சுச் சொல்லு. பழம்."

"பயம்!"

விடுவாளா ஊசி? மறுபடியும், மறுபடியும். அதற்குள் ஒருத்தி மேசைக்கடியில் நுழைந்துவிட்டாள். ஒருவன் கிளம்பச் செருப்பைக் கையில் எடுத்துவிட்டான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நூலகத்து அம்மாவின் தலை.

செருப்புக்காரன் திரும்பினான். "என்ன பயம்டா விக்கிறே? பேய் பயம் இருக்கா?"

"இருக்கே! பல்லி பயமும் இருக்கு!"

மேசைக்கடியிலிருந்து தலை நீண்டது. "எனக்கு வேணாம்பா. எங்க வீட்லயே நிறைய இருக்கு."

ஒரே சிரிப்பு. பாடம் அதுவல்ல என்று சொல்ல வாயெடுத்த ஊசி, செருப்பு கீழே கிடப்பதைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் தரையில் சப்பணமிட்டாள்.

"கடைக்காரரே, எனக்கு ஒரு புழு பயம் குடுங்க."

"அய்யே, புழுவா!"

"ஆமா, இது ‘ழ’ கடையாச்சே. ‘ழ’ வர்ற பயம்தான் கிடைக்கும். யாருக்கு என்ன வேணும்?"

மழை, குழி என்று குரல்கள் முந்திக்கொண்டன. "தாழ்ப்பாள்!" என்றாள் மேசைக்கடிக்காரி. "குளியலறைல மாட்டிக்கிட்டேன் ஒரு தடவை." வந்ததிலிருந்து வாயே திறக்காத சிறுமி மெல்ல, சுத்தமாக, "நிழல்" என்றாள். பழங்கள் கைமாறின.

கதவு திறந்தது. "என்ன சத்தம் இங்கே?"

"உங்களுக்கு என்ன பயம் வேணும்மா?" என்றான் வாலு.

நூலகத்து அம்மா தடுமாறினார். "எலி..."

"‘ழ’ இல்லை, கிடையாது!" என்றது கூட்டம்.

"கரையான்?"

"ம்ஹூம்!"

ஊசி சிரிப்பை மறைக்கத் தலை குனிந்துகொண்டாள். அவர் யோசித்தார். "புத்தகத்தை யாராவது கிழிச்சிடுவாங்களோன்னு பயம்."

"கிழி! கிழி!" என்று துள்ளினார்கள். வாலு பெரிய மாம்பழமாகப் பார்த்து நீட்டினான்.

அவர் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டே, "கேரம்காரங்களை வேற இடம் பார்க்கச் சொல்லிடறேன். வர்ற சனிக்கிழமையும் வந்துடு, ஊசி" என்றார்.

"கியமை!" வாலு குதித்தான். "அக்கா, அதுலயும் ‘ய’ இருக்கு!"

ஊசி திருத்தவில்லை. "இருக்கு கடைக்காரரே" என்று கடைசி வாழைப்பழத்தை அவனிடமே கொடுத்தாள்.