ஞாயிற்றுக்கிழமை நாலு மணி

"புருஷனோட அம்மா, எல்லாத்தையும் துறந்துட்டாங்க. ரெண்டு சொல்லு, ஒரே ஓசை. பத்து எண்ணுதேன். ஒண்ணு... ரெண்டு..."

"சாமியார் மாமியார்!"

"நாசமாப் போறவளே, மூணுகூட எண்ண விடல. ஆனா அப்படி ஒரு மாமியா இந்த ஜில்லாவுலயே கிடையாது."

"உனக்கு வாய்ச்சவங்க எப்படிட்டி?"

"அவங்க இப்பம் அருவிக்குள்ள நிக்காங்க. வந்ததும் கேட்டுச் சொல்லுதேன்."

சொல்லிவிட்டுக் குழல்வாய்மொழி சத்தமாகச் சிரித்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிப்ஸ் கடைக்குப் பக்கத்துப் படியில், ஏழு பேரின் துணிகளையும் நாலு கைபேசிகளையும் மடியில் குவித்துக்கொண்டு ஒற்றையாகச் சிரிக்கிற பெண்ணை யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? இயர்போன் துப்பட்டாவுக்குள் மறைந்திருந்தது.

குடும்பமாகக் குற்றாலம் போனால் ஒரு ஆள் குளிக்காமல் துணிக்குக் காவல் இருந்தாக வேண்டும். நான் மாட்டேன், நீ இரு என்று எப்போதும் ஒரு சண்டை நடக்கும். இன்று வடகரையிலிருந்து இவள் வீட்டாரும், குத்துக்கல்வலசையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே வேனில் வந்திருந்தார்கள். "எனக்குச் சளி, நான் இருக்கேன்" என்று இவள் முந்திக்கொண்டதும், "இப்பமே பொறுப்பா இருக்கா பாரேன்" என்று வருங்கால மாமியாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சளியும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மணி நாலு. அவ்வளவுதான்.

கல்லூரி முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே வகுப்பில் படித்த இசக்கிசெல்வி புளியங்குடியில் அப்பாவின் எலுமிச்சை மண்டியைப் பார்த்துக்கொள்கிறாள். அருமைநாயகம் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிறு நாலு மணிக்கு மூவரும் போனில் கூடுவார்கள். ஒருவர் விடுகதை போட, மற்றவர்கள் ஓசை ஒத்துவரும் இரண்டு சொல்லில் விடை சொல்ல வேண்டும். உடைத்தால்தான் கழற்ற முடிகிற உடுப்பு எது? முட்டைச் சட்டை. வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் வாரத்தின் மற்ற நேரமெல்லாம் அவள் பலவேசத்தின் மகள், பாண்டியின் தங்கச்சி, வைகாசியிலிருந்து முத்துராஜுக்குப் பேசிவைத்த பெண். அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாருக்கும் யாராகவும் இல்லாமல், வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"அண்ணன் இல்லைன்னதும் வாய் நீளுதே," என்றான் அருமைநாயகம்.

அண்ணன் என்றது முத்துராஜை. துணை ராணுவத்தில் இருக்கிறான், பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருக்கிறான். ஞாயிறு நாலு மணிக்கு உன் போன் ஏன் கிடைப்பதில்லை என்று நிச்சயம் முடிந்த வாரம் கேட்டான். சொன்னாள். வேறொருவன் என்றால், அதெல்லாம் வேண்டாம் என்றிருப்பான். இவன், "அட, நல்லா இருக்கே. என்னையும் சேத்துக்கோங்க" என்றான்.

ஆறு ஞாயிறாக முகாமிலிருந்து தவறாமல் வந்துவிட்டான். சர்க்கரை டப்பாவுக்குள் நடக்கிற சேட்டை எது என்றதற்கு, "எறும்புக் கூட்டம்" என்றான். யாருக்கும் அரை மார்க்குகூட விட்டுக்கொடுக்காத இசக்கிசெல்வி, "கிட்டத்தட்ட வந்துட்டியண்ணே" என்று முழு மார்க் போட்டாள். எறும்புக் குறும்பு என்பது குழல்வாய்மொழியின் நாக்கு நுனியில் நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு இசக்கிசெல்வி விவகாரமான விடுகதைகளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரு டீம்" என்றான் அருமைநாயகம், பெரிய உபகாரம் செய்கிறவன்போல.

அம்மாவிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"அதட்டுதாரா?"

"இல்ல."

"சந்தேகப்படுதாரா?"

"இல்லம்மா. விளையாட வருதாரு."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட விளையாட வாற மாப்பிள்ளைக்கு ஊர்ல எத்தனை பேரு தவங்கிடக்காளுவ. வாயக் கழுவு."

அவள் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில், பெண்கள் மேசையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் பனி கொட்டும் ஊரிலிருந்து ரயில் ஏறிவிடுவார்கள். இவள் சென்னை ரயிலில் ஏறினால், கடையநல்லூர் தாண்டுவதற்குள் யாராவது, "நீ வடகரை பலவேசம் மகதான? தனியாவா போற? இங்கன வந்து உக்காரு" என்று வாழைப்பழம் உரித்துக் கொடுப்பார்கள். அப்படியே தப்பினாலும் கடிதத்தில் என்ன எழுதுவது? விளையாட வருகிறார் என்றா?

மடியில் ஒரு கைபேசி அதிர்ந்தது. முத்துராஜுடையது. அதற்குப் பூட்டுக் கிடையாது. ஒளிக்க என்ன இருக்கிறது என்பான். விளையாட்டுக்கென்று வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் இசக்கிசெல்வி போட்ட மார்க் வந்திருந்தது. அதைத் தொட்டுத் திறந்தாள். கீழே இறங்கிப்போனால் ஒரு வரி: குழுவிலிருந்து வெளியேறு. ஈரக்கையோடு தொட்டதில் தானாக அழுந்திவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் நம்புவான்.

"ஏட்டி, இருக்கியா?" என்றாள் இசக்கிசெல்வி காதுக்குள்.

"இருக்கேன். நீங்க போடுங்க."

வெளியேறாமல் பின்னால் வந்தபோது விரல் தவறி அவனுடைய குறிப்பேடு திறந்துகொண்டது. தலைப்பில் 'குழலி கேம்' என்றிருந்தது. அதற்குக் கீழே: 'அருவி – கருவி, குருவி, மருவி (அர்த்தம் கேக்கணும்)'. அடுத்து 'வண்டு – செண்டு, குண்டு, நண்டு'. இப்படியே நாலைந்து பக்கம். ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டிருந்தான். பாராக் காவலுக்கும் பரேடுக்கும் நடுவில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல உட்கார்ந்து எழுதியிருக்கிறான். கோபப்பட ஒரு இடம் விட்டுவைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

கடைசியில் இன்றைய தேதி. 'இன்னைக்குச் சொல்ல வேண்டியது: ஆவணில கல்யாணம் ஆனதும் விளையாட்டுல நாங்க ரெண்டு பேரும் ஒரே பேரு. முத்துக்குழல்.'

வேனில் வரும்போது, "சாயங்காலம் ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்று அவன் சொன்னது இதுதான். மடியில் கிடந்த ஏழு பேர் துணியும் ஏழு ஆளாகக் கனத்தது. அவன் வாயால் அதைச் சொல்லிவிட்டால், இசக்கிசெல்வி ஐயோ எவ்வளவு அழகு என்பாள், அருமைநாயகம் கை தட்டுவான். பிறகு அவள் பெயர் அங்கேயும் இருக்காது.

"ஆரம்பிச்சிட்டாங்களா? என்னய விட்டுட்டா?"

தலையில் நீர் சொட்டச் சொட்ட முத்துராஜ் நின்றான். போனை அவன் பக்கம் நீட்டினாள். அதை வாங்கிச் சட்டைமேல் போட்டுவிட்டு, படியில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதிலிருந்து ஒரு இயர்போனை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டான்.

"வந்துட்டேன்."

"வாங்கண்ணே!" இசக்கிசெல்வியின் குரல் சட்டென்று தலைவாரிக்கொண்டது.

"நான் ஒண்ணு போடுதேன். குத்தாலத்துல எப்பவும் நனைஞ்சே பறக்கும். என்னது?"

இசக்கிசெல்வி பத்துவரை மெதுவாக எண்ணினாள். "தெரியலயேண்ணே" என்றான் அருமைநாயகம். முத்துராஜ் ஆவலாக இவள் முகத்தைப் பார்த்தான்.

"தெரியல," என்றாள்.

"அருவிக் குருவி!"

இரண்டு பக்கமிருந்தும் கைதட்டல். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. மூக்கு நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கியது.

"இன்னொரு விஷயமும் சொல்லணும், எல்லாரும் கேளுங்க..."

குழல்வாய்மொழி தன் போனில் மைக்கை அணைத்தாள்.

"என்னாச்சு குழலி?"

"ஒண்ணு கேக்கணும். நீங்க ஒரு தப்பும் பண்ணல, அதனாலதான் இத்தன நாளா எப்படிக் கேக்கதுன்னே எனக்குத் தெரியல. இந்த ஒரு மணி நேரத்த மட்டும் எனக்கு விட்டுத் தந்துருங்களேன்."