சும்மா இராத கால்கள்

இசைவாணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆய்வேடு முடிகிற நேரம் பார்த்துப் பிச்சாவரத்துச் சேறு காலை வாரிவிட்டது.

சுரபுன்னைக் காடு இலையும் வேருமாகத் தன் சேற்றுக்குள் கார்பனைப் புதைத்து வைக்கிறது, பூமியைச் சூடாக்கும் மீத்தேனை அந்தச் சேறு வெளியே விடுவது சொற்பம்தான் என்று மூன்று வருடமாக அவள் சொல்லிவந்தாள். நீர் வடிந்த நேரத்தில், கால் படாமலிருக்கப் பலகை போட்டு நின்று, சேற்றின் மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்ப்பாள். அரைமணி கழித்து, உள்ளே சேர்ந்த காற்றை ஊசியால் உறிஞ்சிக் குப்பியில் அடைத்துச் சிதம்பரத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சில மாதங்களாகக் கால்வாய் முனைப் பெட்டி மட்டும் தாறுமாறாக மீத்தேன் காட்டியது.

"ஒன்னு காரணம் சொல்லும்மா, இல்ல அந்த எடத்தையே தூக்கிடு. தூக்குனா இன்னொரு வருஷம் அளவு எடுக்க வேண்டியிருக்கும்" என்றார் வழிகாட்டி ஸ்ரீதர்.

இன்னொரு வருடமா! சில மாதம் முன்பு நடந்த கல்யாணத்தின்போதே மாமியார் தைலம்மாள், "சேத்துல பொட்டியக் கவுக்குறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டவர். "எனக்கும் சேறுதாம்மா தெரியும். நானும் கூடப் போறேன்" என்று அவர் வாயை அடைத்தவன் ராஜவேல். கீரப்பாளையத்து நடவு வயலை விட்டுவிட்டுப் பெட்டி தூக்க வந்த புருஷன். அவன்மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம்.

அடுத்த முறை போனபோது, வழக்கம்போல முனைப் பெட்டிக்கு அவனைக் காவல் வைத்துவிட்டு அவள் மற்றப் பெட்டிகளைப் பார்க்கப் போனாள். ஊசியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

ராஜவேல் பலகையை விட்டு இறங்கி, பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். கிடந்த இலைதழையை எல்லாம் பாதத்தால் அழுத்திச் சேற்றுக்குள் புதைத்தான், வயலில் களையை மிதிப்பதுபோல. ஒவ்வொரு மிதிக்கும் பெட்டிக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பியது.

அடப் பாவி மனுஷா! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. பலகையை விட்டு இறங்கக்கூடாது என்று அவனிடம் சொல்ல அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"மாமா, என்ன பண்றீங்க?"

"சும்மா நின்னா காலு ஊறுது வாணி. குப்பையா கெடந்துது, மிதிச்சி உட்டேன்."

"எப்பவுமே மிதிப்பீங்களா?"

"ஒங்கூட வந்த மொத நாள்லேர்ந்து. ஏன்?"

சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் முடியாது. சொன்னாள். சேற்றுக்குள் அடைந்துகிடக்கும் வாயு மிதித்தால் மேலே வந்துவிடும், அத்தனையும் பெட்டிக்குள் போயிருக்கிறது என்று. ராஜவேலின் முகம் சுருங்கிவிட்டது. போய், வந்த படகில் ஏறி, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். கொசு பிடுங்கியது. அவன் அசையவில்லை. அதைப் பார்க்க அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

காரணம்தானே கேட்டார் சார்?

"எறங்கி வாங்க மாமா. உங்க காலு வேணும் எனக்கு."

முனையிலேயே புது இடம் பார்த்து, எட்ட எட்ட இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்தாள். "இதச் சுத்தி மிதிங்க. அந்தப் பொட்டிப் பக்கம் போவவே கூடாது" என்றாள். ராஜவேல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடவுக்குச் சேறு கலக்குகிற மும்முரத்தோடு மிதித்தான்.

ஆய்வுக்கூடத்தில், மிதித்த பெட்டி எகிறியது. மிதிக்காத பெட்டி பழையபடி சொற்பத்தில் நின்றது. காடு தப்பித்தது, அவளுடைய வருடமும் தப்பித்தது. ஸ்ரீதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"மிதிச்ச நாள் கணக்க மட்டும் எடுத்துடு. ஏன் எடுத்தேன்னும் எழுதிடு. யாரும்மா இப்படி மிதிச்சது?"

"எங்க வீட்டுக்காரரு சார்" என்றாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே ராஜவேல் கேட்டான்.

"அப்போ நம்ம வயல்லயும் இது வருமா வாணி?"

"தண்ணி கட்டுன வயலாச்சே, வராம?"

"அப்போ வர்ற வாரம் பொட்டிய அங்க கொண்டா. ஒண்ண எங்கம்மாவ மிதிக்கச் சொல்லுவோம்."