மெரன் பாஸ்கோவின் முறை

மேசைக்கே மது வாங்கித் தரும் தன் முறை வந்தபோது கழிப்பறைப் பக்கம் நழுவியவர் என்று பாஸ்கோ வீட்டார் யாரைப் பற்றியும் அல்வர்ஸ்டனில் யாரும் சொன்னதில்லை. ஒருவர் வாங்கினால் அடுத்த சுற்று அடுத்தவருடையது. அதில் தவறியவனின் கெட்ட பெயர் பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டிக்கொள்ளும் ஊர் அது.

அந்த வீட்டில் இப்போது மிச்சம் மெரன் ஒருத்திதான். பிறவியிலிருந்தே கைகால்கள் அவள் சொல்பேச்சுக் கேட்பதில்லை. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். மின்நாற்காலியை மட்டும் ஒற்றை விரலால் குதிரைபோல விரட்டுவாள்.

அவளுக்குத் துணைப்பணியாளனாக லீத்துக்கு அன்று முதல் நாள். காகித ஆலை மூடியதும் பயிற்சிக்குப் போனவன். "மரக்கட்டை தூக்கின கை, இனிமே சோறு ஊட்டப் போவுதாக்கும்" என்று அண்ணன் கேலி செய்தான். லீத்துக்கோ, பயிற்சியில் ஒரு கிழவருக்குச் சட்டை மாட்டிவிட்டபோது கிடைத்த நிறைவு ஆலையில் ஒருநாளும் கிடைத்ததில்லை. சாயங்காலம் மெரன் சரியென்றால்தான் வேலை நிலைக்கும். முன்பு வந்த இருவரை அவள் முதல் நாளே திருப்பி அனுப்பியிருந்தாள்.

காலை நன்றாகவே போனது. அவன் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்து, ஆலையில் பசை காய்ச்சினவனா என்று கேட்டுச் சிரித்தாள்.

மதியம், மெரன் வியாழன்தோறும் போகும் ஊர்க் கிளப்புக்குப் போனார்கள். முதல் சுற்றை மீன்பிடிப் படகுக்காரர் ஃபிட்ச் வாங்கினார். லீத்துக்கு எலுமிச்சைப் பானம், மெரனுக்கு உறிஞ்சுகுழல் போட்ட பீர். அடுத்ததை அவள் தோழி ஓர்லா வாங்கினாள். பிறகு மெரனின் கை நாற்காலியில் தொங்கிய பையை நோக்கிப் புறப்பட்டது. தவறியது, மறுபடி புறப்பட்டது. மற்ற இருவரும் வெளியே புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "நீ இரு, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்துபோய்த் தன் காசில் வாங்கி வந்து வைத்தான்.

யாரும் கோப்பையைத் தொடவில்லை. ஃபிட்ச் காற்று திரும்புகிறது என்று எதையோ சொன்னார்.

"அது... என் முறை" என்றாள் மெரன். "எங்கப்பாவப் பொதைச்ச அன்னைக்கு... இந்த பாருக்கே... நான் வாங்கினேன். நீ என்னைய... ஓசிக்குடிகாரி... ஆக்கிட்ட."

லீத்தின் காது சிவந்தது. விளக்கம் சொல்ல வாயெடுத்தான். அதுவும் அவள் நேரத்தைப் பறிப்பதுதான் என்று தோன்றவே, "இப்ப என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டான்.

"கூட வா. கையைக் கட்டிக்கிட்டு."

பாரில் மது ஊற்றித் தரும் டூகல், அவள் தலைக்கு மேலே லீத்திடம் கேட்டான்: "அவங்களுக்கு என்ன வேணும்?"

பதில் நாக்குநுனிவரை வந்துவிட்டது. லீத் அலமாரிக் கோப்பைகளை அண்ணாந்து பார்த்தான்.

"உன்னத்தாம்ப்பா கேக்கறேன்."

"முறை என்னோடது இல்ல."

டூகல் குனிந்தான். மெரன் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவன் பெருமூச்சு விட்டான். லீத் திரும்பிப் பார்த்ததும் அந்த ஆள் தன் செருப்பை ஆராயத் தொடங்கினான். பணம் கட்டும் அட்டை அவள் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. லீத் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

மெரன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "விழுந்தத... எடுத்துக் குடுக்கலாம்டா... மக்கு."

எடுத்து அவள் விரல்களுக்கிடையில் வைத்தான். இயந்திரத்தில் அவளே தட்டினாள்.

மேசையில் இப்போது இரண்டு சுற்றுக் கோப்பைகள். இத்தனையும் குடித்தால் படகு இன்று தானாகத்தான் கரை சேர வேண்டும் என்றார் ஃபிட்ச். லீத் தான் வாங்கிய கோப்பைகளை ஓரமாய் எடுத்து வைக்கப் போனான்.

"வை" என்றாள் மெரன். "அது உன் முறை. வரிசைதான்... மாறிப்போச்சு." குழலை உறிஞ்சி நிதானமாக விழுங்கினாள். "அடுத்த வியாழன்... நாம வரும்போது... நான்தான்... மொதல்ல."