பானெட் மேல் ஐந்தாவது கை

1

சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் பேசியதைக் கேட்டுத்தான் இந்தக் கதை பிறந்தது என்று முதல் வரியை எழுதினேன். எழுதிவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தேன். எனக்கு வழுக்கை விழுந்து ஒன்பது வருஷமாகிறது. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் பழைய கார் வாட்ஸ்அப் குழுவில் நேற்று, சனிக்கிழமை, நடந்தது. இன்று ஞாயிறு மத்தியானம். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். [“சூடு” என்ற சொல்லைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி அடித்துவிட்டேன். கவனிக்காமல் விட்டால் எனக்கு நல்லது.]

குழுவில் நாங்கள் பதினோரு பேர். ஒருவர்கூட மெக்கானிக் இல்லை. புதுக் கார் வாங்குகிறவனைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும். யாரோ விற்கப் போட்ட வண்டியின் படத்தைக் காலையில் ஒருவர் அனுப்புவார். அதை ராத்திரி வரை அலசுவோம்.

“ஒரே ஓனர்னு போட்டிருக்கான்.”

“ஒரே ஓனர்தான். அந்த ஒருத்தன் வாடகைக்கு விட்டிருப்பான்.”

“டாக்டர் ஓட்டின வண்டியாம்.”

“விக்கிற வண்டி எல்லாமே டாக்டர் ஓட்டினதுதான். அப்ப ஆஸ்பத்திரியில யாரு இருக்கா?”

இப்படி. பொழுது போவதே தெரியாது. வண்டி வாங்குவது மட்டும் அபூர்வம்.

2

முதல் ஆரம்பம்: “பேருந்து போகாத சாலையில், விடிவதற்கு முன், தோளில் பையோடு ஒரு பெண் தனியாக...” [நிறுத்திவிட்டேன். இது சிரிப்புக் கதை. முதல் வரியிலேயே கைக்குட்டையை எடுக்க வைத்தால் அப்புறம் எப்படிச் சிரிப்பீர்கள்?]

இரண்டாம் ஆரம்பம்: “கார் என்பது வெறும் இரும்பா? மனித மனத்தின் வேட்கையை உற்று நோக்கினால்...” [எனக்கே கொட்டாவி வந்தது.]

மூன்றாவது. இது நகர்கிறது, விட்டுவிடுகிறேன்.

எங்களில் ஒருவரான மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் குழுவில் பெயர் பானெட். எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் ஓனருக்கு வணக்கம் சொல்வதற்கு முன் எஞ்சின் மூடியான பானெட்டில் கை வைத்துவிடுவார். காரணம் உண்டு. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை கிளப்பும்போதுதான் அதன் நோய் வெளியே வரும். இருமும், புகை கக்கும், குலுங்கும். நோயை மறைக்கிற ஓனர் நாம் வருவதற்கு முன்பே ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார். ஆகவே பானெட் சூடாக இருந்தால் ஒன்றும் பேசாதே, வந்த வழியே திரும்பு. இது அவர் வகுத்த சட்டம். நாங்கள் பத்து பேரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

அவர் நல்ல மனிதர். நாள் முழுக்கக் கண்ணாடியில் கீறல் தேடுகிற கண், வேறு எதைத் தேடும்? குழுவில் எத்தனையோ பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறார். தனக்கு மட்டும் எட்டு மாதமாகத் தேடி, முப்பத்து நான்கு வண்டிகளைக் கழித்துக் கட்டியிருந்தார்.

தேடுவது அவருக்காகக்கூட இல்லை, மனைவிக்காக. அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். நகரத்துக்கு வெளியே திறந்திருக்கிற புது மருத்துவமனையில் பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. பதினான்கு வருஷம் அடுத்தவருக்குக் கீழே இருந்து வாங்கிய வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் முதல் பேருந்தே ஏழரைக்குத்தான். அதற்காகவே கார் ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்துவிட்டார். சேருகிற தேதியை இரண்டு தடவை தள்ளி வாங்கியாயிற்று. மூன்றாம் தடவை கேட்டபோது, “திங்கட்கிழமை வரலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குறோம்” என்று சொல்லிவிட்டார்கள். திங்கள் என்றால் நாளை.

“அந்தச் சாம்பல் கலர் வண்டிக்கு என்ன குறை?” என்று போன மாதம் மனைவி கேட்டிருக்கிறார்.

“கதவுல பெயின்ட் வேற மாதிரி இருக்கு. எங்கயோ இடிச்சிருக்காங்க.”

“நான் கதவுலயா உக்காந்து போகப் போறேன்?”

“சீட்லதான் உக்காருவ. ஆனா கதவு பக்கத்துலயே இருக்கும்ல.”

“குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைம்பாங்க. உங்களுக்குக் காரும் இல்லை.”

[இந்த வசனம் நான் எழுதியது இல்லை. அவர் மனைவி சொன்னதேதான். சின்ன வயதிலிருந்தே அப்படிப்பட்ட வாய். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு பார்ப்போம்.]

3

வியாழக்கிழமை ஒரு கருநீல வண்டி விற்பனைக்கு வந்தது. ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஒருவருடையது. கண்ணில் புரை விழுந்ததால் ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும் பானெட்டுக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. “ஒண்ணும் தெரியல. அதான் பயமா இருக்கு” என்று குழுவில் எழுதினார்.

இங்கே இன்னொரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களில் யார் வண்டி வாங்கினாலும் ஐந்து பேர் தனித்தனியாகப் போய்ப் பார்ப்போம். சேர்ந்து போனால் ஒருவர் வாயைப் பார்த்து இன்னொருவர் சொல்லிவிடுவார் என்று, பார்த்ததை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. அன்று மாலை சரியாக ஏழு மணிக்கு ஐந்து தீர்ப்பும் ஒன்றாகக் குழுவில் விழ வேண்டும். பரீட்சையில்கூட இவ்வளவு கண்டிப்பு இருக்காது. இதை வகுத்தவரும் பானெட்தான்.

சனிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும் என்பதால் அவர் போகவில்லை. தீர்ப்பைப் பார்த்துவிட்டு மாலையே போய் வாங்கிவிடுவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கு டயர் போனார். (டயரை மட்டும் பார்ப்பவர். வண்டியில் எஞ்சினே இல்லாவிட்டாலும் டயர் நன்றாக இருந்தால் சிபாரிசு செய்வார்.) வண்டியை எடுத்து நான்கு தெரு சுற்றினார். அவர் கிளம்பியதும் பேங்க் மேனேஜர் வந்து சீட்டை மோந்து பார்த்துவிட்டு, மேம்பாலம் வரை போய் வந்தார். அவருக்குப் பின்னால் குழுவிலேயே மூத்தவரான, எல்லாருக்கும் சித்தப்பாவான சித்தப்பா. பிரேக் பிடித்துப் பார்க்கிறேன் என்று அவர் போட்ட பிரேக்கில் தெருவே திரும்பிப் பார்த்தது. நான்காவது டியூஷன் வாத்தியார்.

ஐந்தாவதாக ஒருவர் போனார்.*

* இந்த ஐந்தாமவர் கதைக்கு முக்கியமில்லை.

4

மாலை ஏழு மணி. கடையில் ஒரு வாடிக்கையாளர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பானெட்டின் போன் வரிசையாக அதிர்ந்தது.

டயர்: “டயர் அருமை. ஆனா பானெட் வெதுவெதுன்னு இருந்துச்சு.”

மேனேஜர்: “பானெட் சூடு. மன்னிக்கவும்.”

சித்தப்பா: “தோசைக்கல் மாதிரி கொதிக்குது. கையை எடுத்துட்டேன்.”

வாத்தியார்: “சூடு. உறுதி.”

ஐந்தாமவர்: “பானெட் சூடாத்தான் இருக்கு.”

பானெட் ஐந்தையும் இரண்டு தடவை படித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஆசைப்பட்ட வண்டி அது. வாடிக்கையாளரை அப்படியே உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வந்து ஐந்தாமவரைக் கூப்பிட்டார்.

“மச்சான்,* குழுவுக்கு வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்க. திங்கட்கிழமை அவ வேலைக்குப் போயாகணும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடவா?”

“அஞ்சு பேரும் ஒண்ணையே சொல்லிட்டோமே. அப்புறம் உங்க இஷ்டம்.”

“சரிதான். நல்லவேளை, நீங்கல்லாம் இருக்கீங்க. இல்லேன்னா ஏமாந்திருப்பேன்.”

 * மச்சான் என்று சிநேகிதர்களும் கூப்பிட்டுக்கொள்வதுதான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி, “ஏன் சூடா இருந்துச்சாம்?” என்று மட்டும் கேட்டாராம். “எதையோ மறைக்கிறாங்க” என்றாராம் பானெட்.  அந்த அம்மாள், திங்கட்கிழமைக்கு என்று இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துத் திரும்ப மடித்து அலமாரியில் வைத்தாராம். இந்த இடத்தில் அவரை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை. ஒன்பதாவது வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை உடைந்தபோதுகூட அழவில்லை. தள்ளிவிட்டது யார் என்றும் வீட்டில் சொல்லவில்லை.

[மேலே உள்ள இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட வேண்டும்.]

5

எடுக்கவில்லை.

நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். பானெட்டைச் சூடாக்கியது நர்ஸம்மா அல்ல, எங்கள் ஆட்கள். டயர் நான்கு தெரு ஓட்டிய சூட்டை மேனேஜர் தொட்டார். மேனேஜர் மேம்பாலம் போன சூட்டை சித்தப்பா தொட்டார். பத்து மணிக்கு மெல்லிய வெயிலில் நின்ற வண்டியைத் தொட்டு டயரே வெதுவெதுப்பு என்றார் என்றால் எங்கள் பக்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். எங்கள் வினை பானெட்டைச் சுட்டது. நாலு பேரும் வெகுளிகள், அவர்களை விட்டுவிடலாம்.

ஐந்தாமவர் வெகுளி இல்லை.

அவரை நான் எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தேன். காப்பீட்டு ஏஜென்டாக ஆக்கினேன். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவராக. ஒரு வரைவில் அவருக்கு முழுத் தலைமுடிகூட வைத்தேன். எதிலும் அந்த ஆள் நிற்கவில்லை. சரி. ஐந்தாமவன் நான். பானெட் என் தங்கையின் புருஷன். வெள்ளைக் கோட்டை மடித்து வைத்தது என் தங்கை.

நான் போனபோது பானெட்டில் கை வைத்தேன், கொதித்தது. நர்ஸம்மா வாசலில் நின்றபடி கேட்டார்:

“காலையில இருந்து நாலு பேர் வந்துட்டாங்க தம்பி. எல்லாரும் முதல்ல இதைத்தான் தொடுறாங்க. ஏதாவது வேண்டுதலா?”

“எல்லாரும் ஓட்டிப் பாத்தாங்களா?”

“ஓட்டாம? இறங்கி அரை மணி ஆகல, அடுத்த ஆள் வந்துடுறாரு. வண்டி இவ்வளவு ஓடி ஒரு வருஷம் ஆச்சு.”

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. உடனே மாப்பிள்ளைக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏனென்றால் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டேன். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் இருக்கிறதே... [முடிக்க மாட்டேன். முடித்தால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள்.]

ஏற்கெனவே எனக்கு இரண்டு வண்டி. ஒன்று ஓடும், இன்னொன்றை நான் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறேன். மூன்றாவது எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. மாலை ஆறரைக்கே பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன். ஏழு மணிக்கு “பானெட் சூடாத்தான் இருக்கு” என்று அனுப்பினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

வண்டி இப்போது என் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாவது அதன் மேல் கொஞ்சம் சோறு போட்டிருப்பான். என் தார்ப்பாய் முன்சக்கரத்துக்குக்கூட எட்டவில்லை.

6

முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: வாங்கிய நாளே எஞ்சின் படுத்துவிடுகிறது. பேராசைக்காரனுக்குப் பாடம். [காலையில் கிளப்பிப் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சின் ஒரே திருப்பலில் பூனை மாதிரி எழுந்தது. இந்த முடிவு செல்லாது.]

இரண்டு: உனக்காகத்தான் முந்திக்கொண்டு வாங்கி வைத்தேன், திடீர் சந்தோஷம் கொடுக்கலாம் என்றுதான் சொல்லவில்லை என்று தங்கையிடம் சாவியை நீட்டுகிறேன். எல்லாரும் கண்ணீர் மல்க... [நேற்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த முடிவு இதுதான். இந்தக் கதையே இதற்காகத்தான் எழுத ஆரம்பித்தது.]

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. தங்கை.

“அண்ணா, நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு என்னை ஆஸ்பத்திரியில கொண்டு விட முடியுமா? உன்கிட்டதான் மூணு வண்டி இருக்கே.”

மூணு.

எண்ணிப் பார்த்தேன். மூன்றாவதை நான் வாங்கியது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். நானும் நர்ஸம்மாவும். ஏன் சூடாக இருந்தது என்று கேட்டவள், பதிலைத் தேடி நர்ஸம்மா வீட்டுக்கே போயிருக்கிறாள்.

இன்னொரு செய்தி: “கிளம்பிட்டேன். நேர்ல பேசிக்கலாம். அவர்கிட்ட நான் எதுவும் சொல்லல.”

மாமரத்தைப் பற்றியும் அவள் சொல்லவில்லை.

பின்புறம் போய்த் தார்ப்பாயை உருவிப் போட்டேன். பழக்க தோஷம், கை பானெட்டுக்குத்தான் போயிற்று. காலையில் கிளப்பிய சூடெல்லாம் ஆறிவிட்டது. ஜில்லென்று இருந்தது. திரும்பி வந்து சாவியை இந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுதுகிறேன். வாசல் கேட் திறக்கிறது.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று உங்களைக் கேட்க மாட்டேன். அதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். கொடுக்கும்போது என்ன சொல்வது என்பதுதான் எனக்கு வரவில்லை. இத்தனை பக்கம் எழுதியவனுக்கு ஒரு வரி வரவில்லை. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். இரண்டாவது முடிவு மட்டும் வேண்டாம், அதை அவள் நம்பிவிட்டதாக நடிப்பாள். கொஞ்சம் சீக்கிரம். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.