கறைக்காரர்களும் ஓசிக்காரர்களும்

விடிந்தும் விடியாத நேரம். இரவெல்லாம் ஓடிய கணினிகள் சோதனைக்கூடத்தில் அனலைக் கக்கிக்கொண்டிருந்தன. ஏ.சி. ஓடவில்லை. அதிகாரிகள் வந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு வேர்த்தால் முதலாளிக்கு என்ன? திரைக்காரி ஒரு கணினியின் மூடியைக் கழற்றி, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் அட்டையைச் சுடச்சுடப் பிடுங்கினாள். விளிம்பு வழக்கம்போல் விரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே வேறொரு அட்டையைச் செருகினாள். கணினியைத் தூங்க வைத்தாள், எழுப்பினாள். திரை கறுப்பாகவே நின்றது.

"நாசமாப் போக!" என்றாள்.

தூங்கி எழுந்தால் திரை திரும்பி வராத இந்தப் பிழையோடுதான் வருஷக்கணக்கில் அவள் குடும்பம் நடத்துகிறாள். திரைக்காரி என்ற பெயரும் அதனால் வந்ததுதான்.

அவள் எழுதுவது டிரைவர். ஊர் உலகமே சேர்ந்து எழுதும் லினக்ஸ் இயங்குதளம் சொல்வதை அட்டைக்கும், அட்டை சொல்வதை லினக்ஸுக்கும் எடுத்துச் சொல்கிற நிரல். அந்தக் கம்பெனியில் ஒரே அட்டைக்கு இரண்டு டிரைவர் எழுதினார்கள். ஒன்று திறந்தது, யாரும் பார்க்கலாம், திருத்தலாம். அது அவளுடைய கூட்டம். மற்றது மூடியது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எழுதுகிறவர்கள் அதைப் பற்றி மூச்சுவிட்டாலும் வேலை போய்விடும். மூடிய டிரைவரை ஏற்றினால் தன்மேல் கறை பட்டதாக லினக்ஸே குறித்துக்கொள்ளும். ஆகவே இந்தப் பக்கத்தார் அவர்களைக் கறைக்காரர்கள் என்றார்கள். எழுதியதைச் சும்மா கொடுப்பதால் அவர்கள் இவர்களை ஓசிக்காரர்கள் என்றார்கள். ஒரே வேலையை இரண்டு முறை செய்யவைத்து, இரண்டு கூட்டத்தையும் கீரியும் பாம்புமாக வைத்திருந்த புண்ணியவான், அதற்கு 'ஆரோக்கியமான போட்டி' என்று பெயர் சூட்டியிருந்தார்.

அன்று காலை முதலாளியான அந்தப் புண்ணியவானே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"இனிமே ரெண்டு டிரைவர் கிடையாது, ஒண்ணுதான். இத ஒரு கல்யாணம்னு வச்சுக்குங்க. ரெண்டு வீடும் ஒண்ணாச் சேருது!"

கல்யாணமாம் கல்யாணம்! எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாத கையை அவர் மறக்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டம் கலைந்ததும் திரைக்காரியை மட்டும் தன் அறைக்கு அழைத்தார்.

"கண்ணாடிக்கு உள்ள இருக்கறவங்க எழுதினது மொத்தத்தையும் உன் டிரைவர்ல சேர்த்து வெளிய அனுப்பிடு. எழுதினவங்க பேரையெல்லாம் எடுத்துடு. அடியில உன் கையெழுத்து மட்டும் இருக்கட்டும்."

"பேரை ஏன் சார் எடுக்கணும்?"

"நிரல் வெளிய போனதும் அவங்களும் வெளிய. நாளைக்கு எவனாவது ஒரு பிழையைப் புடிச்சுக்கிட்டு அவங்களத் தேடினா கம்பெனிக்கு அசிங்கம். இனிமே நீதான் எல்லாருக்கும் தலைவி. வேண்டாம்னா சொல்லு, நீயும் அவங்களோடவே கிளம்பலாம்."

லினக்ஸுக்குப் போகும் ஒவ்வொரு நிரலின் அடியிலும் ஒருவர் தன் பெயரைப் போட வேண்டும். 'இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்பது அதன் பொருள். கம்பெனியின் முத்திரை அங்கே செல்லாது. ரத்தமும் சதையுமான ஆள் வேண்டும். அந்த ஆளாக அவளைப் பிடித்திருந்தார். வேறொரு கம்பெனியில் நடந்த இதே மாதிரி ஒரு கல்யாணத்தில்தான் அவள் கணவனுக்கு வேலை போயிருந்தது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டிய தலையின்மேல் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. முதல் முறையாக உள்ளே போனாள். யாரிடமும் பேசாததால் வாய்ப்பூட்டு என்று பெயரெடுத்த மனிதர் எழுந்து நின்றார்.

"வாங்க சம்பந்தி" என்றார் கேலியாக. நாற்காலியை இழுத்துப் போட்டு, தாங்கள் எழுதியதைத் திரையில் காட்டினார்.

படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். வாய்ப்பூட்டு தன் பெயரோடு எழுதியிருந்த குறிப்பு அது: 'அட்டை விழித்துக்கொள்ளும்வரை பொறு. அவசரப்பட்டால் திரை கறுப்பு.' கீழே சில வரிகள். அவ்வளவுதான் மருந்து.

"இது எப்ப எழுதினது?"

"நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே."

"அண்ணே! நான் இதோட மல்லாடினது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெரல்ல ரத்தத்தோட நிப்பீங்க. ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொன்னா வேலை போயிடுமே! எத்தனையோ நாள் சோறு எறங்கல."

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, அவர்மேல் அல்ல. கொஞ்சம் பொறு என்கிற ஒரு சொல்லைப் பூட்டிவைத்து, அதைத் தொழில் ரகசியம் என்று விற்ற மாடிக்காரர்மேல்.

"அண்ணே, உங்க எல்லாரையும் அனுப்பப் போறாங்க. உங்க பேரை அழிச்சுட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாரு. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

மூலையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "போடப் போறீங்களாக்கா?"

"செவுத்துக்கு அந்தப் பக்கமே இருந்திருந்தா போட்டிருப்பேன்."

எழுந்துபோய்த் தன் கூட்டத்தாரையும் அழைத்து வந்தாள். எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து பேசினார்கள்.

மதியம் முதலாளி வந்தார். "அனுப்பியாச்சா?"

"தயாரா இருக்கு சார்" என்றாள் திரைக்காரி. "எழுதினவங்க பேரும் இருக்கு. அவங்களுக்கு வேலை இருந்தா எங்க கையெழுத்தும் விழும். இல்லன்னா யாரும் போடறதா இல்ல."

அவர் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். "நீ போடு. நீதான் தலைவன்."

"எனக்கு எழுத்தறிவு கம்மி சார்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. "வெளிய ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறான், தெரியுமா?"

"ஆயிரம் பேர் எதுக்கு சார்?" வாய்ப்பூட்டு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "நீங்களே போடுங்களேன். எடம் காலியாத்தான் இருக்கு."

முதலாளி திரையைப் பார்த்தார். பெயரை அழித்துவிட்டுப் போடும் பொய்க் கையெழுத்துக்கு நாளை பதில் சொல்ல வேண்டியது போட்டவர்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அடுத்தவள் கையைக் கேட்டார். இப்போது அவர் கை மெல்ல நழுவிக் கால்சட்டைப் பைக்குள் போனது. இந்தக் கைக்குப் பயந்தா இத்தனை வருஷம் வாய்மூடிக் கிடந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு எவன் கேட்டுக்குள்ள வர்றீங்கன்னு பாக்கறேன். அந்தக் கண்ணாடிக் கதவைப் பூட்டுய்யா!" என்று காவலாளியிடம் கத்திவிட்டு மாடியேறினார்.

அதற்குள் திரைக்காரி செத்துப்போன ஓர் அட்டையைக் கதவின் அடியில் செருகியிருந்தாள். காவலாளி குனிந்து அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கதவை ஒப்புக்கு இழுத்தார். "துருப்பிடிச்சிருக்கும் போல" என்று கண்ணாடிக் கதவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து சேர்த்த டிரைவரோடு அவள் கணினியைத் தூங்க வைத்து எழுப்பினாள். இரண்டு கூட்டமும் ஒன்றாக எட்டிப் பார்த்தது. திரை கொஞ்சம் பொறுத்து, பளிச்சென்று வந்தது. அதில் நிரலை எழுதியவர்களின் பெயர்கள் இருந்தன. அடியில் கையெழுத்துக்கான வரி மட்டும் காலியாக இருந்தது.

"வந்துருச்சு சம்பந்தி!" என்றாள். இந்த முறை அதில் கேலி இல்லை.

"நாளைக்குக் கேட் தெறக்கலன்னா?" என்றார் அவர்.

"வெளியவே எல்லாரும் ஒண்ணா நிப்போம். அங்க கண்ணாடிச் செவுரு கிடையாது."